சந்தனம் வைத்த ரவுட்டர்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய், காத்துக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள், எனக்கு வினை வீட்டு ரவுட்டர் வழியாக வந்தது.

ஸ்ரீரங்கத்து வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போக விபிஎன் என்று ஒரு பூட்டிய பாதை, அதை ரவுட்டரே திறந்துவிடும். வேலை இல்லாத நேரத்தில் அது திறந்திருக்கக் கூடாது. ஆனால் நான் லீவு போடும்போதெல்லாம் திறந்திருக்கிறது, இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கரண்ட் போய் வந்தால் தானாக இணைகிற மாதிரி வைத்திருந்தேன், அதுதான் காரணம் போல என்று அதை எடுத்துவிட்டு, ரவுட்டரின் பக்கத்தில் இருக்கிற குட்டி ஸ்விட்சை மேலே தள்ளினால்தான் இணைய வேண்டும், கீழே தள்ளினால் நிற்க வேண்டும் என்று மாற்றினேன். கீழே தள்ளிவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வந்து பார்த்தால் மேலே இருக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சந்தேகமெல்லாம் மச்சினன் செந்தில் மேல்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, ஷிஃப்ட் முடிந்தால் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான், கை சும்மா இருக்காது. நேராகவே கேட்டுவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது, மனைவி என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

ஆயுத பூஜைக்குத் தொழில் சாமானைத் தொடக் கூடாது இல்லையா, அன்று பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். லீவு போட்டு, ரவுட்டர் வயரைப் பிடுங்கி, ஸ்விட்சைக் கீழே தள்ளி, சாமி முன்னால் வைத்து, ஸ்விட்ச் மேலேயே சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தேன். எவன் தொட்டாலும் காய்ந்த சந்தனம் உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். செந்திலையும் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மேனேஜர் போன். "ரமேஷ், லீவுன்னு சொன்னீங்க, உங்க லைன் ஆன்ல இருக்கே?"

வீடியோவில் காட்டினேன், வயர் இல்லாத ரவுட்டர், சந்தனம், பூ, எல்லாம். அவர் தன் கம்ப்யூட்டரை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உங்க பேர்ல உள்ள உட்கார்ந்து வேலை பாக்கறது யாருங்க?"

செந்தில் பொரியை மெல்லுவதை நிறுத்தினான். "மாமா, நான் இங்கதான் இருக்கேன்" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, பயம் அதைவிட அதிகம்.

மறுநாள் பார்த்தால் சந்தனத்தில் ஒரு கீறல் இல்லை. சுரண்டி எடுத்தேன். உள்ளே ஸ்விட்ச் மேலே இருந்தது.

மேனேஜர் கண்ணாலேயே பார்த்ததால் வேலை தப்பியது. வேறு ரவுட்டர் வாங்கினேன், பழையதைத் துடைத்துக் கவரில் கட்டிப் பரணில் போட்டேன். அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை.

நேற்று லீவு போட்டிருந்தேன். கார்த்திகை வருகிறதே என்று அகல் விளக்கு எடுக்கப் பரணில் ஏறினேன், கை சும்மா இல்லாமல் அந்தக் கவரையும் பிரித்தேன். ஸ்விட்ச் மேல் சந்தனம் அப்பியிருந்தது. தொட்டேன், ஈரமாக இருந்தது.

கீழே என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, மேனேஜர்தான். நான் இன்னும் திருப்பிக் கூப்பிடவில்லை.