மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட கேமரா

போன சனிக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்திருப்பேன், வாசலில் செல்வின். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

செல்வின் எங்கள் தெருக்காரர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர், இப்போது சொந்தமாகச் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, ஒங்க கேமரா வேணும். கூட நீங்களும் வேணும்."

பேப்பரைப் பிரித்தார். உள்ளே ஒரு இரும்பு புஷ் — கட்டைவிரல் நுழைகிற அளவில் ஒரு குட்டிக் குழாய். அதன் உள்சுவரில் தலைமுடி போல ஒரு கோடு. புனேவுக்குப் போகவேண்டிய சரக்கு முழுவதிலும் இந்தக் கோடு விழுந்திருக்கிறதாம். விரிசலா? "இல்ல அண்ணாச்சி, கடையுத டூலு வெளிய வரும்போது இழுத்த கோடு. கிராக்குன்னா கோணல்மாணலா ஓடும்லா? இது நேரா இருக்கு பாருங்க."

அவருக்குத் தெரிகிறது. புனேக்காரருக்குத் தெரிய வேண்டுமே! மறைத்து அனுப்ப மனசு வராமல் இவரே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். அங்கே உள்ள குவாலிட்டி மேனேஜர், "அடிவரை தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து மெயில் பண்ணுங்கள், பார்க்காமல் லாரியில் ஏற்றாதீர்கள்" என்று சொல்லிவிட்டார். லாரி சாயங்காலம். சரக்கு போகாவிட்டால் அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்கு. பட்டறையே அந்த ஒரு ஆர்டரில்தான் ஓடுகிறது.

நான் புது டிஜிட்டல் கேமரா வாங்கியதை இந்தப் பக்கத்திலேயே பீற்றிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பீற்றாமல் விட்டது லென்ஸ் விஷயம்.

என் குளோசப் லென்ஸ் ஃபிலிம் காலத்தில் வாங்கியது. கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி. விலையும் குறைவு, படமும் பிரமாதம். பழைய ஃபிலிம் கேமராவில் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. புதுசில் மாட்டினால்...? லென்ஸுக்குள் ஒளி நுழைகிற துவாரம் இருக்கிறதே, அபர்ச்சர், அதை முழுக்கத் திறந்து வைத்தால் படம் எடுக்கும். கொஞ்சம் சுருக்கினால் போதும் — 'எரர்'. அப்படியே உறைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும்.

திறந்தே எடுக்க வேண்டியதுதானே? எடுத்தேன். குழாயின் வாய் பளிச்சென்று இருந்தது, உள்ளே எல்லாம் புகைமூட்டம். முன்னும் பின்னும் தெளிவாக வர துவாரத்தைச் சுருக்கியே ஆகவேண்டும். சுருக்கினேன். எரர்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க கேமரா மூஞ்சியத் திருப்பிக்கிடுது?"

பெங்களூரில் கேமரா விற்றவரிடம் முன்பே கேட்டிருக்கிறேன். லென்ஸ் கம்பெனியைக் கேளுங்கள் என்றார். லென்ஸ்காரர், கேமரா கம்பெனியைக் கேளுங்கள் என்றார். ஓசூரில் ஒரு டீ சொல்லவே மூன்று பாஷை கலக்கிறோம், யாரும் உறைந்துபோவதில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய யந்திரத்துக்கு லென்ஸ் பேசுவதில் ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் படுத்துவிடுகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அப்போதுதான் இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. பழைய கேமராவில் லென்ஸை மாட்டு. துவாரத்தைச் சுருக்கி, படம் எப்படி வரும் என்று முன்கூட்டிப் பார்க்கிற பட்டனை அழுத்திப் பிடி. அழுத்தியபடியே லென்ஸைக் கழற்று. சுருங்கியது சுருங்கியபடி நிற்கும். அதன் மின்தொடர்புப் புள்ளிகளை டேப் ஒட்டி மறைத்துப் புதுக் கேமராவில் மாட்டு. இரண்டும் பேசிக்கொள்ளவே வேண்டாம்!

சரி, பழைய கேமரா எங்கே? அதைத்தான் ஓசூர் பக்கம் தளியில் ரோஜா பண்ணை வைத்திருக்கும் மஞ்சுநாத்துக்கு விற்றுவிட்டேனே.

பைக்கில் பறந்தோம். பின்னால் செல்வின், சட்டைப் பையில் புஷ்.

விஷயத்தைச் சொன்னதும் மஞ்சுநாத் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பேடா சார், வேணாம்! ரோல் உள்ள இருக்குது. பாப்பா பர்த்டே எல்லாம் அதுலதான். வெளிச்சம் பூந்துச்சுன்னா ஊட்ல எனக்கு சோறு கெடையாது."

"லென்ஸைக் கழட்டுனா ஃபிலிமுக்கு ஒண்ணும் ஆகாது மஞ்சு. நடுவுல ஷட்டர் மூடியே இருக்கும்."

"அப்ப நானே புடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டார். நான் பட்டனை அழுத்த, செல்வின் லென்ஸைத் திருக, மூன்று பேரும் பாம்பு பிடிக்கிற மாதிரி நின்றோம். லென்ஸ் கையோடு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குத் துவாரம். அப்படியே நின்றிருந்தது!

ரோஜாப் பெட்டி ஒட்டுகிற டேப்பில் ஒரு துண்டைப் புள்ளிகள் மேல் ஒட்டினேன். கவிழ்த்த கூடைமேல் கேமரா, எதிரே வெள்ளைத் தாளில் புஷ். துவாரம் சுருங்கியதால் வ்யூஃபைண்டரில் ஒரே இருட்டு, குத்துமதிப்பாகத்தான் ஃபோகஸ். 'க்ளிக்.' எரர் வரவில்லை. திரையில் கோடு வாயிலிருந்து அடிவரை நேராக, தெளிவாக. செல்வின் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே" என்றார்.

ஓசூர் வந்து பிரௌசிங் சென்டரில் மெயில் அனுப்பிவிட்டு உட்கார்ந்தோம். செல்வின் போன் அடித்தது. பேசப் பேச அவர் முகம் வெளுத்தது.

"கோடு டூல் மார்க்தான், ஒத்துக்கிட்டாரு அண்ணாச்சி. ஆனா பக்கத்துல கறுப்புக் கறுப்பாப் புள்ளி இருக்காம். துருவான்னு கேக்காரு."

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், புள்ளிகள்! செல்வின் புஷ்ஷைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். விரலில் எதுவும் ஒட்டவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் பார்ட் சுத்தமாகத்தான் இருந்தது.

புஷ்ஷைத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்தேன். கோடு இடம் மாறியது. புள்ளிகள் மாறவில்லை. ஒரு சந்தேகம் வந்து, பிரௌசிங் சென்டரின் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தேன். சுவரிலும் அதே புள்ளிகள், அதே இடத்தில்!

சிரிப்பு வந்துவிட்டது. லென்ஸைக் கழற்றி மாட்டியதில் கேமராவுக்குள் போன தூசி. துவாரம் அகலமாக இருந்தவரை அது கண்ணில் படவில்லை. சுருக்கினேன் அல்லவா, எல்லாம் தெளிவாகிவிட்டது — என் பராமரிப்பு லட்சணம் உட்பட.

திருப்பி எடுத்த படம், சுவர் படம் இரண்டையும் விளக்கத்தோடு அனுப்பினோம். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பதாகப் பட்டறையிலிருந்து போன். மெயில் திரையையே பார்த்தபடி இருந்தோம். ஒருவழியாகப் பதில் வந்தது, மூன்றே சின்ன வாக்கியங்கள்.

"பார்ட் ஓகே. அனுப்பலாம். கேமராவைத் துடைக்கவும்."