கவரிங் தோடும் காலுக்குள் தகடும்

தேயிலை விலை விழுந்து சேரங்கோடு பக்கம் வேலை குறைந்த வருடம், தங்கத் தோட்டை விற்று அரிசி வாங்கினேன். மாமியாருக்குத் தெரியாமலிருக்கக் கவரிங் தோடு போட்டேன். காதில் சீழ் பிடித்தது.

கொழுந்து பறிக்கையில் சரிவில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்தது. எலும்பைச் சேர்க்க உள்ளே உலோகத் தகடு வைக்குமுன் டாக்டர், "கவரிங் நகை ஒத்துக்குமாங்க?" என்று கேட்டார். மாமியார் பக்கத்தில் நின்றார். புண்ணாகும் என்றால் என் காதைப் பார்த்துத் தோடு விற்றதைக் கண்டுபிடித்துவிடுவார். "ஒத்துக்குமுங்க" என்றேன்.

ஆபரேஷன் மேசையில் படுத்ததும், காதைப் போலக் காலும் உள்ளுக்குள் அழுகுமோ என்று தோன்றியது. ஊசியோடு வந்த நர்ஸின் கையைப் பிடித்து, "பொய் சொல்லிட்டேன் சிஸ்டர்! கவரிங் போட்டா புண்ணாகுங்க" என்று கதறினேன்.

டாக்டர் நிறுத்தினார். "நல்லவேளை சொன்னீங்க. கவரிங்ல புண்ணாக்குற அதே நிக்கல் இந்தத் தகட்டுலயும் இருக்குது. நிக்கல் இல்லாத டைட்டானியம் தகடு வரவழைச்சு வைக்கிறேன்."

கால் நேரானது. என் உடம்பு எதை ஏற்காது என்று அறிய அன்று டாக்டருக்கு என் வார்த்தை மட்டுமே இருந்தது. நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.