தலையணைக்கு வைத்த பெயர்

ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருக்கிறவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு இரண்டு கை போதாது, ஒரு வாய் அதிகம். கட்டில் தள்ளி, தரை துடைத்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கும் சோறு தீத்துகிற என் சகபாடிகளே, இதை நீங்களாவது நம்புங்கள்.

விமானி கேட்ட கேள்வி

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த விமானி ஒருவர், கடலில் குளிக்கப்போய் முருகைக்கல்லில் காலை வெட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தீவுக்கு ஒரேயொரு டொக்டர், இளம் பிள்ளை. அவ தையல் போட, நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோவை மறக்க அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருக்கா தங்களை ஒரு பொய் விமானத்தில் ஏற்றி, எஞ்சினில் நெருப்பு வைத்துச் சோதிப்பார்களாம். பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு சின்னவன் என்றாலும், பிழை கண்டால் வாய் திறக்க வேண்டுமாம்.

"அதுக்குள்ளை நான் எத்தினை தரம் செத்தனான்! உங்களை ஆர் சோதிக்கிறது?"

"பயிற்சி முடிச்ச பிறகு ஒருத்தரும் கிட்ட நிண்டு பாத்ததில்லை" என்றா டொக்டர்.

அவருடைய சிரிப்பு நின்றுபோனது. "அப்ப நீங்கள் முதல் பிழை விடுறதே உயிருள்ள ஆளிலையோ, டொக்டர்?"

சந்திரலேகா

அந்தக் கேள்வி டொக்டரை விடவில்லை. என் மச்சாள் செல்விக்கு அப்போது ஏழு மாதம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அக்கரையிலுள்ள குறிகட்டுவான் துறைக்குத்தான் போகவேண்டும், கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. எங்கள் வீட்டிலும் அதே பயம்தான்.

ஒருநாள் மத்தியானம் டொக்டர் யன்னல் கட்டிலில் தலையணையொன்றைக் கிடத்தினா. "பிள்ளை பெத்தவ. ரத்தம் நிக்கேல்லை. படகும் இல்லை. ஓடுங்கோ!" தலையணைக்கு ஒரு பேரும் வேண்டுமாம். ஊரில் இருக்கிற பிள்ளையின் பேரை வைத்தால் அவளுக்கு ஏதும் ஆகிவிடும் என்று நேர்ஸ் அக்கா கன நேரம் யோசித்தா. "சந்திரலேகா எண்டு வைப்பம். உயிரோடை இருக்கிற ஒருத்தருக்கும் இந்தப் பேர் இல்லை."

"சந்திரலேகா, கேக்குதே? கண்ணைத் திறவும்!" என்று டொக்டர் கத்துகிறா. நானோ பூட்டிக் கிடந்த மருந்து அலுமாரியின் திறப்பைத் தேடித் திரிகிறேன். கண்டெடுத்து வர, டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "செத்திட்டா" என்றா.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. கறையே இல்லாத தலையணை உறையை ஏனோ நான் இரண்டு தண்ணீரில் அலசினேன். அன்றிலிருந்து திறப்பு ஆணியில் தொங்கியது, அந்தக் கட்டிலிலோ ஒருவரும் படுக்கவில்லை. பக்கத்துக் கட்டில் மரியம்மா அக்கா என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டுக் காதுக்குள் கேட்டா: "தங்கச்சி, அந்தப் பிள்ளையின்ரை சனத்துக்கு அறிவிச்சாச்சோ?"

கடல் விடாத பின்னேரம்

கிழமைக்கு ஒருக்கா சந்திரலேகாவைப் பிழைக்கவைக்கப் பழகினோம். எட்டாம் மாதமே செல்விக்கு வலி வந்தது. சோழகக் காற்று, படகு அசையவில்லை. குழந்தை நல்லபடி பிறந்தது, ரத்தம்தான் நிற்கவில்லை. வெளிச்சமுள்ள கட்டில் அந்த யன்னல் கட்டில் மட்டும்தான். நான்தான் செல்வியைத் தள்ளிக்கொண்டு போய் அதில் கிடத்தினேன்.

திறப்பு ஆணியில் இருந்தது. ஊசி கைக்கு வந்தது. டொக்டர் "கேக்குதே?" என்று கேட்கக் கேட்க, "ஓம்" என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் நாங்கள் கை சோராமல் நின்றோம். ரத்தம் நின்றது.

அடுத்தநாள் டொக்டர், விமானிகளைப்போல, எங்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, தன் பிழைகளைச் சொல்லச் சொன்னா. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த செல்விதான், "என்ரை பேர் செல்வி, டொக்டர். நீங்கள் சந்திரலேகா எண்டு கூப்பிட்டனீங்கள்" என்றாள்.

"பழகின வாய், மன்னிச்சுக்கொள்ளும்."

"அதாலை ஒண்டுமில்லை, டொக்டர். எனக்கு வாய் திறக்க ஏலாமல் கிடந்தது. அந்தச் சந்திரலேகாதான் ஒவ்வொருக்காலும் 'ஓம்' எண்டவ."

விமானிக்கு ஆறு மாதத்துக்கு ஒருக்கா சோதனை என்றால் எங்கள் டொக்டருக்கு இப்போதும் அந்த யன்னல் கட்டிலில் கிழமைக்கு ஒருக்கா, சோதிக்கிறது ஆர் என்றுதான் நாங்கள் ஒருவரும் கேட்பதில்லை.