கூப்பிட ஒரு தலைவலி

அந்தப் பகுதியில் அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் போகும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறினால், "பதறாதீங்க, அது கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்று வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்தபடியே கதவைத் திறந்துவிடுவார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவருடைய இதயத்தில் பழுதான ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். டாக்டர் விளக்கியபோது அவர் காதில் பாதிதான் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி முழுசாகக் கேட்டுக்கொண்டாள். இந்த மாத்திரைக்கு மற்ற மருந்துகளோடு அவ்வளவாக ஒத்துப்போகாது. சிலது கூடச் சேர்ந்தால் ரத்தம் நிற்காமல் கசியும். சிலது சேர்ந்தால் மாத்திரை சாப்பிட்டும் பலனிருக்காது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். சளி மருந்தோ சத்து மாத்திரையோ, எதுவானாலும் முதலில் அவள் கண்ணில் பட வேண்டும். அவள் மருந்துக்கடையில் விசாரித்து, சந்தேகமிருந்தால் கிளினிக்குக்கும் போன் போட்டு, அப்புறம்தான் அவர் வாய்க்குள் போகும்.

"என் வாய்க்கு நீ வாட்ச்மேனா?" என்பார்.

"ஆமா, சம்பளமில்லாத வாட்ச்மேன்."

மகன் கல்யாணமாகித் தனியாகப் போன பிறகு, வெளியூரில் ஒரு கல்லூரி விடுதியில் அவளுக்கு வார்டன் வேலை கிடைத்தது. வேலைக்குப் போக வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு இருந்த ஆசை. மாமியாரின் உடம்பு, பிள்ளையின் படிப்பு, இவருடைய ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டே போயிருந்தது. "தாராளமா போ. நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று பெருமையாகத்தான் பஸ் ஏற்றிவிட்டார். வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றியபடியே "ஏம்மா, தண்ணி" என்று குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீடு அவரை விழுங்கப் பார்த்தது. சமையலறையில் அவள் பாத்திரத்தைப் போடும் சத்தம் தனக்குப் பிடிக்காது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். இப்போது சாயங்காலம் வந்தால் காது அதைத்தான் தேடியது. போன் பண்ணலாம். ஆனால் "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஏதாவது பழுதானால்தான் போன் என்பது அவருடைய பழக்கம்.

ஒரு நாள் நிஜமாகவே தலை வலித்தது. கூப்பிட்டார்.

"எந்த மாத்திரை? அட்டையைத் திருப்பிப் பேரைப் படிங்க. எழுத்துக் கூட்டிப் படிங்க, பரவாயில்ல. சரி, அது வேண்டாம், உங்களுக்கு ஆகாது. நான் கேட்டுட்டுச் சொல்றேன். ராத்திரி சரியா தூங்கினீங்களா? கண்ணாடி போடாம போனை நோண்டினீங்களா?"

அவள் கேட்டுக்கொண்டே போனாள். பேசி முடிப்பதற்குள் வலி இருந்த இடம் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவருக்குத் தலைவலி அடிக்கடி வந்தது. இடது பக்கம், வலது பக்கம், பின்மண்டை. தலை அலுத்துப்போனபோது இருமலும் முதுகுவலியும் கைகொடுத்தன. மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் டப்பாக்களைப் போட்டோ எடுத்து, "இது போடலாமா?" என்று அனுப்புவார். அவளும் சலிக்காமல் விசாரித்துப் பதில் சொல்வாள். அந்தப் பக்கம் பெண்கள் "மேடம், மேடம்" என்று கூப்பிடுவதும் தட்டுகள் உருள்வதும் கேட்கும். அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தேர்வுக் காலம் வந்தது. விடுதியில் இரண்டு பெண்களுக்குக் காய்ச்சல் வேறு. "இன்னைக்குத் தலைவலின்னு மட்டும் சொல்லிடாதீங்க, இங்க எனக்கே தலை வெடிக்குது" என்று சிரித்தபடிதான் சொன்னாள். ஆனாலும் குரல் களைத்திருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி.

கூப்பிடவில்லை. பொய் வலிக்கெல்லாம் அவளைப் படுத்திவிட்டு, அவள் ஓய்ந்துபோயிருக்கும்போது நிஜ வலியைச் சொல்ல மனசு வரவில்லை. கூட வேலை பார்க்கும் மீசைக்காரர், தனக்குப் பல் வலித்தபோது வாங்கி மிச்சம் வைத்திருந்த இரண்டு வகை மாத்திரையைக் கொடுத்தார்.

"கண்ண மூடிக்கிட்டுப் போடுண்ணே, குதிரை மாதிரி ஓடலாம்."

கண்ணை மூடிக்கொண்டேதான் போட்டார். பல்வலி அடங்கியது. அடுத்தடுத்த நாட்களில் பல் துலக்கினால் வாயெல்லாம் ரத்தம். முன்கையில் அடிபட்ட ஞாபகமே இல்லாத இடத்தில் கன்றிப்போய்க் கருநீலத் திட்டுகள். ஒரு காலை, மொட்டை மாடி மெஷின் ரூமில் குனிந்து கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. எவ்வளவு அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. மூக்கைப் பொத்தியபடியே மீசைக்காரரைக் கூப்பிட்டார்.

மீசைக்காரர் பதறியடித்து அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் புருவத்தைச் சுளித்தார்.

"ரத்தம் உறையிறதே ரொம்பக் குறைஞ்சு போயிருக்கு. நீங்க போட்ட ரெண்டு மாத்திரையுமே உங்களுக்கு ஆகாது. இது தலைக்குள்ள கசிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? வழக்கமா யாரையாவது கேட்டுட்டுதானே போடுவீங்க?"

"கேட்டுச் சொல்றவங்க ஊர்ல இல்ல டாக்டர்," என்றார் மூக்கில் பஞ்சோடு.

அங்கேயே தங்க வைத்துக் கவனித்தார்கள். ரத்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தி, மறுபடி மறுபடி பரிசோதித்து, அளவு சரியான பிறகு திரும்ப ஆரம்பித்தார்கள். பல்லுக்கும் அவருக்கு ஒத்துவரும் மருந்தாகப் பார்த்துக் கொடுத்தார்கள். மனைவியிடம் மீசைக்காரர் போனில் சொல்லிவிட்டார். அவள் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். திட்டவே இல்லை. அவர் கையிலிருந்த திட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவர் தேறி வீட்டுக்கு வந்ததும், லீவு முடிந்துவிட்டதால் கிளம்பிப் போய்விட்டாள்.

உடம்பு சரியானதும் முதல் வேலையாக அவர் அவளைப் பார்க்கப் போனார். ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. வரவேற்பறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாவிக்கொத்து என்று அவள் வந்து எதிரில் உட்கார்ந்தபோது, பெண் பார்க்கப் போன அன்றைக்குப் போல அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இங்கே அவள் நிமிர்ந்து நடந்தாள். இந்த வேலையை விட்டுவிட்டு வா என்று தன்னால் ஒருநாளும் சொல்ல முடியாது என்று அவருக்குப் புரிந்தது.

"ஒண்ணு சொல்லணும்மா. அந்தத் தலைவலியெல்லாம்... பாதி பொய்."

"பாதியா?" என்றாள்.

"சரி, முக்கால்வாசி."

"தெரியும். முதுகுவலின்னீங்களே, அன்னைக்குப் பேசிக்கிட்டே நீங்க மாடிப்படில தாவித் தாவி ஏறற சத்தம் போன்ல கேட்டுச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா நீங்க கூப்பிடறத நிறுத்திடுவீங்களே."

உள்ளேயிருந்து யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். "இதோ வரேன்" என்று குரல் கொடுத்தாளே தவிர, அவள் எழுந்திருக்கவில்லை. "நாலு மணி பஸ்ஸுக்கா கிளம்பணும்?" என்று கேட்டாள்.

"அதுக்கப்புறமும் ஒண்ணு இருக்கு," என்றார் அவர்.