கசெற் பெட்டியில் வைத்த பொட்டு

பிள்ளைகளே, அண்டைக்கு நான் ஈரத்துணி எடுத்தது பிழை.

நாங்கள் குடியேறிய மெரிலேண்ட்ஸில், பழைய சாமான் கடையில் வாங்கிய பிரிட்டிஷ் குற்றப்பட வீடியோ கசெற் அது. போர் முடிந்து வந்தவன் வேலையில்லாமல் திருடனாகிற கதை. திருட்டைத் தவிர, மிச்சம் என் கதைதான். வீட்டுக்கு வரும் எந்தச் சாமானுக்கும் வைப்பதுபோல அதன் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன்.

பிறகு அதை விற்பதாக விளம்பரம் போட்டதும், பழைய படங்கள் சேர்க்கும் ரமணன் நார்த்மீட்டிலிருந்து வந்தார்.

"அங்கிள், வேறெங்கயும் கிடைக்காத படம். ஆனா இந்தக் கறையைத் துடைச்சாத்தான் எடுப்பன்."

"அப்பா, ஜஸ்ட் வைப் இட்!" என்றாய் நீ, மகள்.

வெட்கத்தில் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினேன். பொட்டு மங்கியதும் கை நின்றுவிட்டது.

"தம்பி, இது கறை இல்லை. பொட்டோட எடுக்கிறதெண்டால் எடும். இல்லாட்டி போயிட்டு வாரும்."

அவர் வெறுங்கையோடு போனார். நீங்கள் ரியூஷனுக்குப் போனபின், தனியே சந்தனம் குழைத்துத் திரும்பவும் பொட்டு வைத்தேன். இந்தமுறை கொஞ்சம் பெரிதாக.