ஒரு டீ கிடைக்குமா

முதுமையைப் பற்றி ஆராய வரும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ரயிலில் யாராவது கேட்டு இதைச் சொன்னால், என் நரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதான் தெரியுதே" என்பார்கள். பெங்களூரில் உள்ள எங்கள் ஆய்வு நிலையத்துக்குப் படிப்பை முடித்த கையோடு வருடத்துக்கு நாலைந்து பேர் வருவார்கள். உயிரணுவுக்குள் முதுமை எப்படி ஏறுகிறது என்று படம் போட்டு விளக்குவார்கள். எதிரே ஒரு கிழவர் இருமினால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார்கள்.

அவர்களை நான் என் சொந்த ஊரான தங்கவயலுக்கு அழைத்துவருவேன். சுரங்கம் மூடிய ஊரில் பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. இளையவர்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவதால், பகலில் ஊரையே எங்கள் ஆய்வுக்காக ஒழித்துக் கொடுத்த மாதிரி இருக்கும்.

ரயிலில் வரும்போதே பாடம் நடக்கும். பெரியவர் பேச்சை நிறுத்தினால் நீங்கள் உடனே வாயைத் திறக்காதீர்கள், சும்மா உட்கார்ந்திருங்கள், மிச்சத்தை அவரே சொல்வார் என்பேன். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, வீட்டுக்குள் கேட்டதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, முக்கியமாகப் பெற்ற பிள்ளைகளின் காதுக்கு என்பேன். இந்த இடத்தில் யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "பசங்க கேட்டா என்ன சார் சொல்றது?" என்பார். அதற்காகவே காத்திருப்பேன்.

"பொய் சொல்லாதீங்க. 'ஒரு டீ கிடைக்குமா'ன்னு கேளுங்க."

சிரிப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் அது பலிக்கும். வீட்டுக்கு வந்தவர் வாய்விட்டு டீ கேட்டுவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. சண்டைக்கு வந்தவர்கள்கூடப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவார்கள்.

பயிற்சிக்கு முதல் வீடாக நான் கொடுத்தது என் அப்பாவின் வீட்டை. அம்மா போன பிறகு ஊரின் நந்திதுர்க் பகுதியில், சுரங்கக் கம்பெனி கட்டிய பழைய வீட்டில், அவர் தனியாகத்தான் இருந்தார். சமையல் பழகுகிறவர்கள் முதலில் உப்புமாவில் கைவைப்பது போல, என் மாணவர்கள் முதலில் அவரிடம் கைவைத்தார்கள். கெட்டுப்போனாலும் நஷ்டம் எனக்குத்தான்.

என்னிடம் அவர் பேசுவது மூன்றே கேள்விதான். வந்தியா. துன்னியா. ரயிலுக்கு நேரமாவல?

ஆனால் சேலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் அவர் பேசினார். நான் பயிற்சி கொடுத்தவர்களில் ஆகச் சிறந்தவள் அவள்தான். சனிக்கிழமைதோறும் போவாள். ஒருமுறை நான் முன்னறிவிப்பின்றி வாசலில் போய் நின்றபோது உள்ளே அப்பா சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பது எனக்குப் புதுச் செய்தி. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"வந்தியா," என்றார்.

அன்று திரும்பும் வழியில், பங்காருப்பேட்டையில் ரயில் நின்றபோது, போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டேன்: "என்ன சொல்லிட்டு இருந்தார் எங்கப்பா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சார், ஒரு டீ கிடைக்குமா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீயோடு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக் கொடுத்தேன். வேறு வீடுகளுக்குப் போய்விட்டு அதே ரயிலில் திரும்பிய மற்ற மாணவர்களிடம், "பாருங்க, இவதான் ஆராய்ச்சியாளர்!" என்றேன். அந்த டீயைக் குடித்தபடி அவள் என்னை எப்படிப் பார்த்திருப்பாள் என்று இப்போது யோசித்தால் காது சுடுகிறது.

ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் அப்பாவைப் பெங்களூருக்குக் கொண்டுவர நான் வீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பன்னிரண்டாவது மாடி. வழுக்காத டைல்ஸ். சரியான உயரத்தில் கட்டில். இரவில் எழுந்தால் தானாக எரியும் விளக்கு. குளியலறையில் பிடித்துக்கொண்டு எழுவதற்கு எஃகுக் கைப்பிடி. மேடைதோறும் நான் பரிந்துரைப்பதெல்லாம் என் வீட்டில் இருந்தன. ஒவ்வொன்றாக அப்பாவிடம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர், "ஆவட்டும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டையில் சாமான் ஏற்ற ஒரு டெம்போ பேசிக்கொண்டு நந்திதுர்க் போய் இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டில் இல்லை, ரேடியோ இல்லை. புத்தர் படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஒன் நைனா நேத்தே ஆண்டர்சன்பேட்டைக்கு வீடு மாத்திக்கினு போயிட்டாரே. ஒனக்குச் சொல்லலியா?"

டெம்போ டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "லோடு இன்னா சார்?"

காலி டெம்போவிலேயே ஆண்டர்சன்பேட்டை போனேன். அப்பாவோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்கியவர் வீடு. மனைவியை இழந்தவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். முன்னறையில் அப்பாவின் கட்டில். மேலே புத்தர், ஆணியெல்லாம் அடித்து முடித்தாகிவிட்டது. அப்பா ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்தியா," என்றார். "துன்னியா?"

"இன்னா நைனா இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஆவட்டும்னுதானே சொன்னேன். வரேன்னு எப்ப சொன்னேன்?"

மாமா குறுக்கே வந்தார். "ஒக்காரு புரொபசரு. நீயும் இன்னா ஆளுப்பா? ஆயுசு பூரா சொரங்கத்துக் கேஜ்ல கீழ எறங்குனவன லிப்ட்ல மேல ஏத்தப் பாக்குறியே. பன்னெண்டாவது மாடில அவனுக்குத் தல சுத்தாதா?"

இருவரும் சிரித்தார்கள். அன்று வாசலில் நின்று கேட்ட அதே சிரிப்பு.

"இதையெல்லாம் யார் தூக்கினு வந்தது?" என்றேன்.

"அந்த சேலத்துப் பொண்ணுதான். கட்டில்ல ஒரு பக்கம் நானு, ஒரு பக்கம் அது. நல்ல பலம்பா," என்றார் மாமா. "மூணு மாசமா அதுகிட்ட யோசன கேட்டுக்கினுதானே இருந்தோம்."

துரோகம் என்ற சொல்லை அதுவரை நான் குழாயில் வராத தண்ணீருக்கு மட்டுமே பயன்படுத்தியிருந்தேன். மூன்று மாதம்! அந்த மூன்று மாதமும் அவளிடம்தான் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு அளவு வாங்கினேன். அளவும் சரியாகச் சொன்னாள்.

அப்பா ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரமாவல?"

திங்கட்கிழமை அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். ரயிலில் வரும்போதே கோபத்துக்கு நல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் சார்," என்றாள் நான் ஆரம்பிக்கும் முன்பே. "உயிருக்கு ஆபத்துன்னாதான் பிள்ளைங்ககிட்ட சொல்லணும்னீங்க. தாத்தா நல்லா இருந்தார்."

"கட்டில் தூக்கச் சொன்னேனா?"

தூக்கக் கூடாது என்றும் சொல்லவில்லைதான். வார்த்தையை வெளியே தூக்கிப்போகாதே என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த எனக்குக் கட்டிலைப் பற்றித் தோன்றவே இல்லை.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. அது என்ன வித்தை என்று எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்ததாக ஊர்ஊராகப் பீற்றிக்கொண்டவனே நான்தான். வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அந்தக் கைப்பிடிய மாட்டின நாள்லேருந்து நான்தான் பிடிச்சிட்டு எழுந்திருக்கிறேன்," என்றது என் வாய். "முழங்கால் வலி. வீட்ல யாருக்கும் தெரியாது. அப்பா வந்துட்டா கைப்பிடிக்கு ஒரு நியாயம் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் தலையாட்டினாள். குறுக்கே பேசவில்லை. அவ்வளவு நேர்த்தி. அதனால்தான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"மூணு மாசத்துல என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அவள் முகத்தில் ஏதோ வந்தது. அது எனக்குச் சாதகமா பாதகமா என்று படிக்க முடியவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சார், ஒரு டீ கிடைக்குமா?"

வராந்தாவின் கோடியில்தான் டீ மெஷின். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியும் முன்பு, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து பாதி வழி வந்துவிட்டிருந்தேன். அங்கிருந்தே திரும்பி, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன்.