போனுக்கு வைத்த முதல் வெற்றிலை

என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி முதலில் கிள்ளானிலிருந்து போனில் லைவ் போட்டுச் சேலை விற்கும் ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது. அடுத்து அந்த லைவைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்துக்கு. அதற்கும் அடுத்து என் கைப்பேசிக்கு. பெண்ணின் தாய்மாமனான நான், பந்தியில் அப்பளம் தீர்ந்த பிறகு வந்து உட்கார்ந்தவன் மாதிரி, முறைப்படி கேட்டது எல்லாருக்கும் பின்னால்.

எங்கள் சொந்தத்தில் ஒரு முறை உண்டு. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தால் முதல் வெற்றிலைத் தட்டு தாய்மாமன் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அவன் தட்டை வாங்கிக்கொள்ளும் வரை பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு முன்னால் வேறு யாருக்காவது தெரிந்துவிட்டால் மாமன் முறுக்கிக்கொள்ளலாம். அது அவன் பிறப்புரிமை. இந்த ஒரு காரணத்துக்காக, மண்டபத்தில் மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போது எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்தபடி உட்கார்ந்திருந்த மாமன்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் மேல் எனக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் என் புதுப் பட்டு வேட்டியை நனைத்துவிட்டாள். வேட்டியைச் சலவைக்குப் போட்டுப் பார்த்தோம், கறை போகவில்லை. அந்தக் கறையோடு அதை இன்னும் வைத்திருக்கிறேன். என்றைக்காவது அவள் புருஷனிடம் காட்டலாம் என்ற கெட்ட எண்ணம்தான்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் எங்கள் சோறு. இப்போது பாதிப் பேர் போனிலேயே பூ விழுகிற பத்திரிகை அனுப்பிவிடுகிறார்கள், மீதிப் பேர் எங்களிடம் வருகிறார்கள். யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஊருக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கடையில் ஒரு பழக்கம் இருக்கிறது. மாதிரிப் பிரதி எடுத்தால் மேசையில் கவிழ்த்துத்தான் வைப்போம். அடுத்த ஆள் வந்து குனிந்து பார்த்துவிடக் கூடாது. பெண் வீட்டுக்கே தெரியாத தேதிகளை எல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மீ கோரேங் சாப்பிட்டவன் நான்.

ஒரு திங்கட்கிழமை என் தங்கை ரவாங்கிலிருந்து போன் அடித்தாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுல இருப்பியா? நாங்க வரோம். சும்மாதான்."

அந்த 'சும்மா'வின் கனம் எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை, சாயங்காலம், புருஷன் பெண்டாட்டி இருவரும். தட்டு வருகிறது என்று புரிந்தது. சலவை செய்த சட்டையை எடுத்து வெளியே மாட்டினேன். முகத்தில் ஆச்சரியத்தை எந்த அளவுக்குக் காட்டுவது என்றுகூட யோசித்து வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் செந்தூல் ஃப்ளாட்டில் என் மனைவி வழக்கம்போல் லைவ் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக்கத்தானே செய்யுறேன்" என்பாள். இரண்டு நாள் கழித்துப் பார்சல்காரன் கதவைத் தட்டுவான். லைவில் அந்த கிள்ளான் கடைக்காரப் பெண் தோளில் ஒரு சேலை, கையில் ஒரு சேலை, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஏலக்காரன்கூட நடுவில் தண்ணீர் குடிப்பான், இவள் குடிக்கவில்லை.

"அக்காங்களா, இந்தக் குவியலக் கேக்காதீங்கலா, சோல்ட் அவுட்! நம்ம ரவாங் அக்கா மொத்தமா எடுத்துட்டாங்க. பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்கு வச்சுக் குடுக்க. மாப்பிள்ளைக்கு ஊரு தெலுக் பங்லிமா காராங், ஃபேக்டரில இன்ஜினியர்! எல்லாரும் அக்காவுக்கு ஒரு ஹார்ட் போடுங்க பாப்போம்!"

சொல்லிக்கொண்டே கேமராவைத் திருப்பினாள். கடை மூலையில் ஒரு பெண் ரவிக்கைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் நான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த கைப்பை. என் தங்கை. தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவள் தலைக்கு மேல் சிவப்புச் சிவப்பாக இதயங்கள் பறந்துகொண்டிருந்தன.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

"நீ எதுக்கு இப்ப ஹார்ட் போட்ட?" என்றேன்.

"எல்லாரும் போடுங்கன்னு சொன்னா. கை தன்னால போட்டுடுச்சு."

பிறகு அவளே துப்பறிந்தாள். அந்தக் கடையில் தள்ளுபடி புதன்கிழமை ராத்திரியோடு முடிகிறது. வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள். வெற்றிலை வைத்துவிட்டுப் பிறகு சேலை எடுக்கலாம் என்றால் தள்ளுபடி போய்விடும். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்த என் தங்கை, ஆஃபர் பார்த்து அதற்கு முன்னாலேயே கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரியும் நைசாகப் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் கறந்திருக்கிறாள். ராகு காலம், எமகண்டத்தோடு இனி ஆஃபர் காலம் என்று ஒன்றையும் காலண்டரில் போட்டுவிடலாம்.

வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் ரோஜாப்பூவும் விளக்கும் வைத்து வணக்கம் போடுவதைத் தவிர அதில் யாரும் எதுவும் பேசுவதில்லை. அது தாங்காமல் என் தங்கை எப்போதோ அதிலிருந்து விலகிவிட்டாள். அன்று அந்த லைவைப் பற்றிப் பேசினார்கள். ஒரு சித்தி குரல் பதிவே அனுப்பினாள். "தாய்மாமனுக்குத் தெரியாமயா இருக்கும்? அவருதான் மொத ஆளு. அமுக்கமா இருக்காரு பாருங்க!" அமுக்கமாக இருந்த ஆள் சோபாவில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

என் போனும் சும்மா இருக்கவில்லை. மண்டப விளம்பரம் வந்தது. அடுத்து மணமகள் ஒப்பனை, ட்ரோன் வைத்துப் படம் எடுக்கிறவர், மூன்று மாடி கேக். நடுவில் தொப்பையை உள்ளே இழுக்கிற ஒரு பெல்ட். நான் மேடையில் நிற்கப்போகிறேன் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. என் தங்கை முதல் வெற்றிலையை இந்தச் சனியனுக்கு வைத்துவிட்டாள் என்று தோன்றியது. போன் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறது என்பது என் மனைவியின் அசைக்க முடியாத நம்பிக்கை. இரண்டு போன்களையும் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு வந்த பிறகுதான் என் தங்கையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். மறுநாள் அரிசிக்கு விளம்பரம் வந்தது.

கோபத்தை நேரில் சொல்லலாம். எங்கள் குடும்பத்தில் அந்தக் கெட்ட வழக்கம் இல்லை. முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், இப்போது ஸ்டேட்டஸ் போடுகிறோம். அஸ்தமன சூரியன் படம் ஒன்று, அதன் மேல் யாரையும் குறிப்பிடாத இரண்டு வரி. யாரைக் குறிப்பிடுகிறதோ அவர் பார்த்தாரா என்று கீழே கண் படத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பது. நானும் வியாழக்கிழமை சாயங்காலம் எழுதினேன்: 'சொந்தம் என்று நம்பியிருந்தோம். கடைசியில் நாமும் வெளியாள்.' பத்திரிகை வாசகம் எழுதிப் பழகிய கை, எழுத்து அழகாகவே வந்தது.

இது என் தங்கைக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று மனைவியிடம் சொன்னேன். குடும்ப மானத்தைக் குடும்பத்துக்குள்ளேயே வாங்க வேண்டும் அல்லவா? யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று அதில் ஏதோ வசதி இருக்கிறதாம். அவள் தன் கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை, என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டினாள். "ஆச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கொமுட்டர் ரயிலில் நின்றபடி கண் படத்தைத் தட்டினேன். சித்தி பார்த்திருந்தாள். எங்கள் முதலாளி பார்த்திருந்தார். காடி ரிப்பேர் பட்டறைக்காரர், பல் டாக்டர் வீட்டு நர்ஸ், என் பழைய வாத்தியார் எல்லாரும் பார்த்திருந்தார்கள். வாத்தியார் கைகூப்பிய படம் ஒன்றும் போட்டிருந்தார். என் தங்கை பெயர் மட்டும் இல்லை. அவளுக்கு மட்டும் காட்டு என்றதை, அவளுக்கு மட்டும் மறை என்று என் மனைவி தட்டிவிட்டாள்.

அழிக்கலாம் என்று விரலை வைப்பதற்குள் ஸ்டேஷன் வந்தது. கடையைத் திறந்தோம், ஆட்கள் வந்தார்கள். பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கோயில் கமிட்டிப் பெரியவர். திருவிழா நோட்டீஸ் எங்களிடம்தான் அடிப்பார், அதனால் என் நம்பர் அவரிடம் இருந்தது. நோட்டீஸ்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, ரவாங் பொண்ணு உங்க தங்கச்சி மகதானாமே? நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. காலைல உங்க ஸ்டேட்டஸ் பாத்தேன். மனசே சரியில்ல. தாய்மாமனுக்குச் சம்மதம் இல்லன்னா சொல்லிடுங்க. மாமன் மனசு நொந்து நடக்குற கல்யாணம் எங்களுக்கு வேணாம். இப்பவே நிறுத்திக்கலாம்."

முறுக்கிக்கொள்வது என்றால் எல்லாரும் வந்து கெஞ்ச வேண்டும், நான் கடைசியில் இளக வேண்டும், ஒரு மோதிரம் போட வேண்டும், எல்லாரும் அழ வேண்டும். அதுதான் முறை. நிறுத்துவது முறையிலேயே இல்லை. நான் சம்மதம் இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால், ஏன், பதில் சொல்ல இரண்டு விநாடி தாமதித்தால்கூட, என் வேட்டியை நனைத்த அந்தப் பெண்ணின் கல்யாணம் அங்கேயே முடிந்துபோகும். ஒரு அஸ்தமன சூரியனால்.

"ஐயோ அண்ணே," என்றேன். "அது எங்க ஃப்ளாட் கமிட்டியப் பத்திப் போட்டது. வாட்டர் பம்பு மாத்துனாங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"பம்பா?"

"பம்புதான் அண்ணே. ரொம்ப நம்பியிருந்தேன் அவங்கள."

"சரி தம்பி. பம்பு முக்கியம்தான்" என்று சொல்லிப் போனை வைத்தார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டேட்டஸை அழித்தேன். உண்மையாகவே பயந்துபோயிருந்தேன். என் சம்மதத்தைக் கேட்காமல் விட்டுவிட்டார்களே என்று இரண்டு நாளாகப் பொருமியவன், என் சம்மதத்துக்கு இவ்வளவு கனம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் வந்தார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். தங்கை பட்டுச் சேலை கட்டியிருந்தாள். மச்சான் கையில் துணி மூடிய தட்டு. என் மனைவி தேத்தண்ணி கலந்துகொண்டு வந்தாள். மழை, சாலை நெரிசல், மச்சானுக்குச் சர்க்கரை என்று சுற்றிவளைத்துப் பேசி முடித்த பிறகு, தங்கை எழுந்து துணியை விலக்கித் தட்டை என் முன்னால் நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ.

"அண்ணே, பாப்பாவுக்குச் சம்பந்தம் முடிஞ்சிருக்கு. மொதல்ல உன்கிட்டத்தான் சொல்றோம். இன்னும் வெளிய யாருக்கும் தெரியாது."

நான் ஆச்சரியப்பட்டேன். திங்கட்கிழமை ஒத்திகை பார்த்ததை எல்லாம் மிஞ்சிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டேன். அவ்வளவு தூரமா என்றேன். என்ன வேலை என்று கேட்டு, இன்ஜினியர் என்றதும் புருவத்தைத் தூக்கினேன். லைவில் ஹார்ட் போட்ட என் மனைவியும் மார்பில் கை வைத்து "அப்படியா!" என்றாள். பாவம் தங்கை, ஊரே பேசுவது தெரியாமல் வெள்ளந்தியாக வந்து நிற்கிறாளே என்று நினைத்தேன். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

புறப்படும்போது மச்சான் பார்க்கிங்கிலிருந்து காடி எடுக்க முன்னால் போய்விட்டார். தங்கையை லிப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். பொத்தானை அழுத்திவிட்டு அவள் மாடிக் கூரையை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏண்ணே, உங்க ஃப்ளாட்டுல புது பம்பு நல்லா ஓடுதா?"

நான் லிப்ட் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினேன்.

"மத்தியானம் மாப்பிள்ளையோட பெரியப்பா எங்களுக்கு போன் அடிச்சாரு. உன் பம்புக் கதைய அப்படியே சொன்னாரு. சித்தி வேற நேத்தே ஸ்டேட்டஸ் படத்த அனுப்பிட்டாங்க. லைவையும் பாப்பா காட்டிட்டா."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுகிட்டே உள்ள வந்து அப்படிச் சொன்னியா? யாருக்கும் தெரியாதுன்னு?"

"நான் வாயால சொல்லி, நீ காதால கேக்கணும்ண்ணே. ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா உனக்கு நடிக்கவே வரல. மாப்பிள்ளை இன்ஜினியர்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே புருவம் ஏறிடுச்சு."

லிப்ட் வந்து அவளைக் கொண்டுபோனது. நான் கொஞ்ச நேரம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் குப்பைப் பையோடு வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் திரும்பி உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குள் தட்டு மேசை மேல் இருந்தது. என் மனைவி பூவைச் சரிப்படுத்தி, விளக்கைப் போட்டு, போனை எடுத்துத் தட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு படம் எடுத்துக் குழுவுல போடவாங்க? இப்பதான் நம்மளுக்கு வந்துடுச்சே."

"போனக் கவுத்து வை" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். நான் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன்.